எச்டிஆர் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: பினாங்கிலிருந்து பதில்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றும் சின்னக் கூட்டம் எங்களுடையது. சங்கம், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. நாங்கள் போவதே ரொட்டி சானாய் சாப்பிடத்தான், படம் எடுப்பது சாக்கு என்று வீட்டில் சொல்வார்கள். புதிதாக வரும் தம்பி தங்கைகள் எச்டிஆர் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதிவைத்தது இது.

எச்டிஆர் என்றால் என்ன?

காலை பத்து மணிக்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கடையின் அஞ்சடியில் போய் நில்லுங்கள். கடைவீடுகளுக்கு முன்னால் மாடிக்குக் கீழே ஓடுகிறதே, அந்த ஐந்தடி நடைபாதைதான். ஒரு பக்கம் கடைக்குள் சேலைகள் நிழலில் அடுக்கியிருக்கும். மறுபக்கம் தெருவில் வெயில் கொளுத்தும். உங்கள் கண் இரண்டையும் சிரமமில்லாமல் பார்க்கிறது. கேமராவை எடுங்கள். கடைக்கு ஏற்றபடி வெளிச்சத்தை வைத்தால் தெரு வெள்ளைத்தாள் ஆகிவிடும். தெருவுக்கு ஏற்றபடி வைத்தால் கடை கரிப்பானை.

ஒரு காட்சியில் மிக இருண்ட இடத்துக்கும் மிக வெளிச்சமான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டைனமிக் ரேஞ்ச் என்கிறோம். அது கேமராவின் கைக்கு அடங்காதபோது, ஒரே காட்சியைக் குறைந்த வெளிச்சத்திலும் நடுவாகவும் கூடின வெளிச்சத்திலும் பல தடவை எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் எச்டிஆர். ஹை டைனமிக் ரேஞ்ச் என்பதன் சுருக்கம். இந்த வித்தியாசத்தை அளக்கும் அலகுக்கு ஸ்டாப் என்று பெயர். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஐந்து ஸ்டாப் என்றால் 32 மடங்கு, பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு.

கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்கு ஏன் தெரிவதில்லை?

கண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. சேலையைப் பார்க்கும்போது அதற்கேற்றபடி மாறிக்கொள்கிறது, தெருவைப் பார்க்கும்போது வேறு மாதிரி மாறுகிறது. துண்டு துண்டாக வருவதை மூளை ஒட்டி ஒரே காட்சியாகக் காட்டுகிறது. யோசித்துப் பார்த்தால் நாம் எல்லாரும் தலைக்குள் எச்டிஆர் மென்பொருளோடுதான் பிறந்திருக்கிறோம்.

கேமரா அப்படியில்லை. வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டர் திறந்திருக்கும் அந்தக் கணத்துக்கு ஒரே அளவுதான். மழைக்கு முற்றத்தில் வாளிகள் வரிசையாக வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லான சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாளி. வெயில் பட்ட சுவருக்கு நேராக உள்ள வாளி சட்டென்று நிரம்பி வழிந்துவிடும். வழிந்த பிறகு எவ்வளவு மழை பெய்தது என்று அந்த வாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதுதான் வெளுத்துப்போன வானம். நிழலில் உள்ள வாளியிலோ நாலு சொட்டுதான் விழுந்திருக்கும். நாலு சொட்டை வைத்து வெளிச்சத்தைக் கணக்குப் போட்டால் வருவது மணல் மணலாகத் தெரியும் நாய்ஸ். பல எக்ஸ்போஷர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் படம்) எடுப்பது என்றால், ஒரே மழையில் ஒரு தடவை சீக்கிரமாகவும் ஒரு தடவை தாமதமாகவும் வாளியை உள்ளே எடுத்துப் பார்ப்பது போல.

என் கைப்பேசியே எச்டிஆர் எடுக்கிறதே, அப்புறம் இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. ஐபோனில் எச்டிஆர் 2010லேயே வந்துவிட்டது. இன்றைய கைப்பேசிகள் நீங்கள் ஒரு தடவை தொட்டால் உள்ளே பல படங்களை எடுத்துச் சேர்த்துவிடும். கூகுளின் எச்டிஆர் பிளஸ் முறை தொடக்கத்தில் செய்தது இன்னும் சாமர்த்தியம். எல்லாப் படத்தையும் வேண்டுமென்றே இருட்டாக எடுத்து, வானம் வெளுக்காமல் காப்பாற்றிக்கொண்டு, பல படங்களின் சராசரியால் நாய்ஸைக் குறைத்து, அதற்குப் பிறகு நிழலைத் தூக்கிவிடும்.

நண்பர்களுக்கு அனுப்ப அது தாராளமாகப் போதும். ஆனால் எவ்வளவு தூக்க வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை, கைப்பேசி. அதற்கு எல்லா நிழலும் பிரச்சினை, எல்லா நிழலையும் விரட்டும். கோயில் மண்டபத்தின் இருட்டு அந்த இடத்துக்கு அழகு என்பது அதற்குத் தெரியாது. அந்த முடிவை உங்கள் கைக்குக் கொண்டுவரத்தான் இதைப் பழகுவது.

என்னென்ன வாங்க வேண்டும்?

ரா கோப்பு (சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்கக்கூடிய ஏதாவது ஒரு கேமரா, பழையது போதும். ஆடாத முக்காலி. இரண்டும் இருந்தால் ஆரம்பிக்கலாம். காசு இருந்தால் முதலில் முக்காலியில் போடுங்கள், கேமராவில் வேண்டாம். தூக்குவதற்கு லேசாக இருக்கிறதே என்று வாங்குகிற முக்காலி காற்றுக்கும் லேசாகத்தான் இருக்கும்.

ரா எதற்கு? ஜேபெக்கில் ஆகக்கூடாதா?

ஆகும், ஆனால் கஞ்சத்தனம். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலைத் தூக்கும்போது 256 படிகள் போதாமல் வானம் பட்டை பட்டையாகப் பிரியும்.

கேமராவில் எதை எப்படி வைப்பது?

இது கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

அப்பர்ச்சர் என்பது லென்ஸின் துளை. எஃப் எண் அதன் அளவு, எண் கூடினால் துளை சிறியது. அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில் வைத்து எஃப் 8 என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மாற வேண்டியது ஷட்டர் நேரம் மட்டும். அப்பர்ச்சர் மாறினால் எது தெளிவு, எது மங்கல் என்பதும் படத்துக்குப் படம் மாறி, சேர்க்கும்போது ஒன்றோடொன்று பொருந்தாது. ஐஎஸ்ஓவை, அதாவது பிடித்த வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டும் அளவை, 100இல் வைத்து, தானாக மாறும் ஆட்டோ ஐஎஸ்ஓவைக் கண்டிப்பாக அணையுங்கள். புதியவர்கள் பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். கேமரா மூன்று படம் எடுத்தது, வெளிச்சமான படத்தில் நாய்ஸ் கூடியிருக்கிறதே அண்ணே என்று வருவார்கள். பார்த்தால் ஷட்டர் நேரம் கூடுவதற்குப் பதிலாக ஐஎஸ்ஓ ஏறியிருக்கும்.

ஃபோகஸை ஒரு தடவை பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது படத்துக்குக் கேமரா வேறு எதையாவது தேடிப்போகும். நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸையும் வெயில், நிழல் என்று ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். ராவில் பிறகு மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனாலும் எடுக்கும்போதே எல்லாப் படமும் ஒரே நிறத்தில் இருந்தால் எது சரி, எது தப்பு என்று திரையிலேயே தெரியும்.

அடுத்து பிராக்கெட்டிங், அதாவது வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பல படம் எடுப்பது. கேமராவே தானாகச் செய்யும் இந்த வசதி பல கேமராக்களில் ஏஇபி என்று இருக்கும். மூன்று படம், இரண்டு ஸ்டாப் இடைவெளி என்று வையுங்கள். சில ஆரம்பநிலை கேமராக்களில் இந்த வசதியே இருக்காது. கவலை வேண்டாம், பிளஸ் மைனஸ் பொத்தானை வைத்துக் கையாலேயே மாற்றி எடுக்கலாம், மெதுவாகத் தொட்டால் போதும். பிறகு இரண்டு விநாடி டைமரைப் போடுங்கள். பொத்தானை அழுத்துகிற விரலே முக்காலியை ஆட்டும். லென்ஸில் நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால் முக்காலியில் அதை அணைப்பது நல்ல பழக்கம். சில புதிய லென்ஸ்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளும், பழையவை சும்மா இருக்கும் கேமராவை நடுங்குவதாக நினைத்து அவையே நடுங்கும்.

எத்தனை படம் எடுப்பது? மூன்றா, ஐந்தா, ஏழா?

அதே அஞ்சடிக்குப் போவோம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்தால், வெயில் பட்ட தெருவுக்கு ஏறக்குறைய 1/400 விநாடி வரும். கடையின் பின்சுவரை மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்தால் 1/3 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 400, 200, 100, 50, 25, 12, 6, 3. ஏழு இறக்கம், அதாவது ஏழு ஸ்டாப், 128 மடங்கு. நடுப்படம் 1/25 என்றால், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் 1/100, 1/25, 1/6 என்று அமையும். ஐந்து படம் எடுத்தால் ஒரு பக்கம் 1/400 வரைக்கும் மறுபக்கம் அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் போய்விடும்.

இந்தக் கணக்கையெல்லாம் தெருவில் நின்று போட வேண்டியதில்லை. கேமராத் திரையில் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று மேடாகக் காட்டும் வரைபடம் அது. எடுத்ததிலேயே இருட்டான படத்தில் அந்த மேடு வலது சுவரை முட்டக் கூடாது. எடுத்ததிலேயே வெளிச்சமான படத்தில் இடது சுவரை முட்டக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் நடுவில் உள்ளவை தானாகச் சரியாக இருக்கும். நல்ல சென்சார் ஒரே படத்தில் 12 முதல் 14 ஸ்டாப் வரை பிடிக்கும் என்பதால், பெரும்பாலும் மூன்று படமே போதும். ஜன்னல் வழியாக வெயில் தெரியும் அறைக்கு ஐந்து. சூரியனையே சட்டத்துக்குள் வைத்தால் ஏழு. சும்மா கூடுதலாக எடுத்துவைப்போம் என்று எல்லாவற்றுக்கும் ஒன்பது எடுத்தால், ஒன்பதிலும் ஆள் நகர்ந்திருப்பார், நீங்கள்தான் உட்கார்ந்து துடைக்க வேண்டும்.

முக்காலி இல்லாமல் கையில் பிடித்தே எடுக்கலாமா?

பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம். தொடர்ச்சியாகச் சுடும் முறையில் வைத்து, அஞ்சடித் தூணில் சாய்ந்துகொண்டு, மூச்சைப் பிடித்து மூன்றையும் ஒரே ஓட்டத்தில் எடுங்கள். மென்பொருள் சிறு அசைவைச் சரிசெய்து ஒட்டிவிடும், ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும். மிக நீளமான ஷட்டர் நேரம் 1/30ஐத் தாண்டினால் முக்காலியை நாடுங்கள்.

முக்காலி இருந்தும் என் படங்கள் ஆடியிருக்கின்றன. ஏன்?

எதன்மேல் வைத்தீர்கள் என்பது முதல் கேள்வி. நான் வெல்ட் கீ பக்கம் சியூ ஜெட்டியில் ஒரு விடிகாலை முழுக்க எடுத்தேன். அங்கே வீடுகளும் நடைபாதையும் கடலுக்குள் கால்கள் ஊன்றி நிற்கும் பலகைகள். நான் எடுத்த நேரத்தில் ஒரு பாட்டி சந்தைப்பையோடு நடந்து போய் நடந்து வந்தார். அவர் வைத்த ஒவ்வொரு அடியும் என் படத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, படகுகள் எல்லாம் இரட்டையாக. அவர்மேல் என்ன தப்பு, அது அவருடைய வீட்டு வாசல். ஆள் போய்ப் பலகை அடங்கும்வரை பத்து விநாடி காத்திருந்து எடுத்திருக்க வேண்டும்.

மற்றபடி நடுத்தண்டை உயர்த்தி வைப்பது, கேமரா வார் காற்றில் ஆடுவது. இரண்டையும் பாருங்கள்.

ஆட்கள், மோட்டார் சைக்கிள், மின்விசிறி... நகர்வதெல்லாம் பேய் மாதிரி வருகிறதே?

அதற்குப் பெயரே கோஸ்ட்தான். முதல் படத்தில் இங்கே இருந்தவர் மூன்றாவதில் அங்கே இருக்கிறார், மென்பொருள் இருவரையும் பாதி பாதியாகக் காட்டுகிறது. சேர்க்கும்போது டீகோஸ்ட் என்றொரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால், நகர்ந்த இடத்துக்கு மட்டும் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளும். குறைந்த அளவில் ஆரம்பியுங்கள். அதிகமாக வைத்தால் அந்த இடத்தில் நாய்ஸ் கூடி ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியும்.

கோப்பிக்கடை மின்விசிறி ஒரு பெரிய தொல்லை. சுற்றினால் மங்கல், ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி மங்கல் இல்லை. கடைக்காரரிடம் ஒரு தே தாரே (ஆற்றிய தேநீர்) வாங்கிக் குடித்துவிட்டு, அரை நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிறுத்துவார்கள். சாம்பிராணிப் புகை, தீபம், கொடி ஆகியவற்றுக்கு டீகோஸ்ட்டை நம்ப வேண்டாம். நடுப்படத்தில் உள்ள தீபத்தை மட்டும் மேலே வைத்து, பிரஷ்ஷால் கையாலேயே தடவிச் சேர்ப்பதுதான் சுத்தம்.

கடையின் எல்இடி விளக்குக்குக் கீழே எடுத்தால் கோடு கோடாக வருகிறது. கேமரா பழுதா?

பழுது இல்லை. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகளும் பழைய டியூப் லைட்டுகளும் விநாடிக்கு 100 தடவை மின்னி மறையும், கண்ணுக்குத் தெரியாது. பிராக்கெட்டில் உள்ள இருட்டான படத்துக்கு ஷட்டர் 1/400 என்று வேகமாகப் போகும்போது, அந்த மின்னலின் பாதியைத்தான் கேமரா பிடிக்கிறது. அதுதான் கோடு. எஃப் 16 வரைக்கும் மூடி, மிக வேகமான படமும் 1/100 அல்லது 1/50க்கு மேலே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருளில் சேர்ப்பது? இலவசமாக ஏதாவது இருக்கிறதா?

லைட்ரூம் வைத்திருந்தால் வேறு எங்கும் போக வேண்டாம். மூன்று படத்தையும் தேர்ந்தெடுத்து ஃபோட்டோ மெர்ஜ், எச்டிஆர் என்று கொடுத்தால் புதிய டிஎன்ஜி கோப்பு ஒன்று வரும். அது ரா மாதிரியே வளைந்து கொடுக்கும், ஆனால் நிழலில் நாய்ஸ் இல்லாமல். நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

காசு கொடுக்காமல் என்றால் டார்க்டேபிள், லுமினன்ஸ் எச்டிஆர் இரண்டும் நல்லவை. ஹூகின் என்ற இலவச மென்பொருளோடு வரும் என்ஃபியூஸ் இன்னொன்று. அது சற்று வேறு வழியில் போகிறது. 2007இல் மெர்டன்ஸ், காவுட்ஸ், வான் ரீத் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சொன்ன முறை: முழு எச்டிஆர் கோப்பு என்று ஒன்றை உண்டாக்காமலேயே, ஒவ்வொரு படத்திலும் எந்த இடம் நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் பொறுக்கிக் கலப்பது. எக்ஸ்போஷர் ஃபியூஷன் என்பார்கள். பழகுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், கெடுப்பதற்கு இதில் பொத்தான்கள் குறைவு. ஃபோட்டோமேட்டிக்ஸ் பழைய பெயர், 2000களில் எச்டிஆர் என்றாலே அதுதான். நல்ல மென்பொருள்தான், ஆனால் பொத்தான்கள் நிறைய.

டோன் மேப்பிங் என்றால் என்ன?

சேர்த்த கோப்பில் இருக்கும் வெளிச்ச வித்தியாசம் லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கலாம். சாதாரண எல்சிடி திரை காட்டக்கூடியது ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று. அச்சுத் தாள் அதைவிடவும் ஏழை. பெரிய பெட்டியில் உள்ளதைச் சின்னப் பெட்டிக்குள் மடித்து வைக்க வேண்டும். அந்த மடிப்புக்குத்தான் டோன் மேப்பிங் என்று பெயர். படம் முழுவதற்கும் ஒரே கணக்கில் மடிப்பது ஒரு வகை, பார்க்கச் சற்று சப்பென்று இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தனித்தனியாக மடிப்பது இன்னொரு வகை, கண்ணைப் பறிக்கும். எல்லாத் தப்பும் இந்த இரண்டாவதில்தான் நடக்கிறது.

என் படம் ஏன் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது? கட்டடத்தைச் சுற்றி ஒளிவட்டம் வேறு.

சாமி படத்தில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருக்கலாம். கடைவீட்டுக் கூரைக்கு எதற்கு?

காரணம் மேலே சொன்ன இரண்டாவது வகை மடிப்பு. மென்பொருள் கோபுரத்தின் ஓரத்துக்கு வரும்போது, அக்கம்பக்கம் இருட்டு என்று நினைத்து, ஒட்டியிருக்கும் வானத்தையும் சேர்த்து வெளிச்சமாக்கிவிடுகிறது. கிளாரிட்டி, ஸ்ட்ரெங்த், டீட்டெய்ல் என்று என்ன பெயரில் இருந்தாலும் அந்தப் பொத்தானைக் குறையுங்கள். ரேடியஸ் என்று இருந்தால் மாற்றிப் பாருங்கள், வட்டம் அகலமாகிக் கரைந்துபோகும்.

கார்ட்டூன் விஷயம் வேறு. அது பொத்தான் தப்பு இல்லை, ஆசை தப்பு. 2000களின் கடைசியில் நாங்கள் எல்லாரும் செய்தோம். துருப்பிடித்த சைக்கிள், உரிந்த சுவர், இடி விழப்போவது போல மேகம், நிறமெல்லாம் உச்சத்தில். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்தை நான் ஒரு தடவை அப்படிச் செய்து மாமாவிடம் காட்டினேன். 'கும்பாபிஷேகம் எப்போது நடந்தது, புதுசா வர்ணம் அடிச்சிருக்காங்களே' என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதற்குப் பிறகு நிறத்தைக் கூட்டும்போதெல்லாம் மாமா ஞாபகம் வருகிறது.

என் வழி இதுதான். எடுக்கும்போதே அந்த இடத்தில் ஒரு நிமிடம் சும்மா நின்று, எது எதைவிட வெளிச்சம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். தெரு முதலில், பூக்கடை அடுத்தது, அஞ்சடித் தரை அடுத்தது, கடையின் உள்ளே கடைசி. முடித்த படத்தில் அந்த வரிசை மாறக் கூடாது. கடைக்குள் இருக்கும் சேலையின் கரை தெரியட்டும், ஆனால் அது தெருவைவிட வெளிச்சமாக இருந்தால் நீங்கள் அஞ்சடியை இடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வெயிலுக்கு ஒதுங்கத்தானே அதைக் கட்டியிருக்கிறார்கள்? பார்க்கிறவருக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்று தோன்ற வேண்டும். நிழல் நிழலாகவே இருக்கட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, அன்றைக்கே முடிக்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அழகாகத் தெரிந்த படம் காலையில் கோப்பியோடு பார்க்கும்போது திருவிழாக் கடை மாதிரி இருக்கும்.

பல படம் எடுக்காமல் ஒரே ரா கோப்பிலேயே செய்ய முடியாதா?

முடியும், பல நேரம் அதுவே சரி. வானம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து ஒரே படம் எடுங்கள். பிறகு நிழலை இரண்டு, மூன்று ஸ்டாப் தூக்கிப் பாருங்கள். பத்து வருடத்துக்குள் வந்த சென்சார் என்றால் தாங்கும். அதற்கு மேலே தூக்கினால் நாய்ஸும் பச்சை, ஊதா நிறப் புள்ளிகளும் கிளம்பும், அப்போதுதான் பிராக்கெட்டிங் தேவை. ஒரே படத்தை மூன்று வெளிச்சத்தில் ஏற்றுமதி செய்து, அந்த மூன்றையும் எச்டிஆராகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் புதிதாக ஒன்றும் கிடைக்காது, இல்லாத மழை வாளிக்குள் எப்படி வரும்?

எப்போது எச்டிஆர் எடுக்கக் கூடாது?

தைப்பூசத்துக்கு. முந்தின நாள் செட்டிப்பூசத்தன்று விடிவதற்கு முன்னே பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். ரதம் நகரும், காளை நகரும், கூட்டம் நகரும், தேங்காய் சிதறும். ஒரே ரா, கூடின ஐஎஸ்ஓ, அவ்வளவுதான். காவடி எடுப்பவரை மூன்று எக்ஸ்போஷரில் எடுக்கிறேன் என்று அவர் முன்னால் நின்று வழியை மறிப்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மேகமூட்டமான நாளில் தேவையில்லை, வித்தியாசமே இல்லாத இடத்தில் எதைச் சேர்ப்பது? முகங்களுக்கும் வேண்டாம். தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் எச்டிஆர் தோண்டி எடுக்கும். அத்தை ஒருவர் என்னோடு ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை.

பினாங்கில் எங்கே போய்ப் பழகலாம்?

முதல் மாதம் அஞ்சடியைத் தாண்டிப் போக வேண்டாம் என்பேன். ஜார்ஜ்டவுனில் அதற்குப் பஞ்சமில்லை. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே இந்த மாதிரிக் கடைவீட்டுத் தெருக்களுக்காகவும்தான். மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், குயின் ஸ்திரீட் எல்லாம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. ஒரே தூணுக்குப் பக்கத்தில் ஒரே சட்டத்தை மணிக்கு ஒரு தடவை எடுங்கள். வெளிச்சம் எப்படி நகர்கிறது என்று கை கற்றுக்கொள்ளும்.

அப்புறம் ஜெட்டிகள். ஊர் கிழக்கே கடலைப் பார்த்து இருப்பதால், எதிரே பட்டர்வொர்த் பக்கம் சூரியன் கிளம்பும். இங்கே விடிவது ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில்தான், அலாரத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆறே முக்காலுக்குப் போய் நின்றால் போதும். பாட்டிகளுக்கு வழி விடுங்கள்.

கொடிமலை (பினாங்கு ஹில்) சுலபமான இடம், அதனாலேயே ஆரம்பத்துக்கு நல்லது. உச்சி ஏறக்குறைய 833 மீட்டர். மாலையில் மேலே போய் ஊரைப் பார்த்து நின்றால் சூரியன் உங்களுக்குப் பின்னால் இறங்கும். கீழே விளக்குகள் ஏற, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் முதல் பாலத்தின் 13.5 கிலோமீட்டரும் ஒரு மணிச்சரம் மாதிரித் தெரியும். வானம் நீலமாகவும் விளக்கு மஞ்சளாகவும் ஒன்றுக்கொன்று சமமாக நிற்கும் நேரம் ரொம்பக் குறைவு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சூரியன் செங்குத்தாக விழுந்துவிடும். ஐரோப்பியர்கள் எழுதிய பாடத்தில் ஒரு மணி நேரம் என்று இருக்கும், இங்கே இருபது நிமிடம்தான். மறைந்து பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, பேசாமல் எடுத்துக்கொண்டே இருங்கள். இறங்குவதற்கு ரயில் வரிசை நீளமாக இருக்கும், கதையெல்லாம் அங்கே பேசலாம்.

கெக் லோக் சி பௌத்தக் கோயில், சீனப் புத்தாண்டுக் காலத்தில் விளக்கு ஏற்றியிருக்கும்போது. தண்ணீர்மலை முருகன் கோயில், 513 படி ஏறத் தெம்பு இருந்தால், காலை வெயிலில். முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் ஒரு வேண்டுதல்தான்.

கோயிலுக்குள், பள்ளிவாசலுக்குள் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு. கேமரா அனுமதி வேறு, முக்காலி அனுமதி வேறு, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கர்ப்பக்கிருகத்தை நோக்கித் திருப்ப வேண்டாம். ஐயர் தலையசைத்தாலும் பூஜை நேரத்தில் வேண்டாம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் நம்மவர்களான இந்திய முஸ்லிம்கள் எழுப்பியது, வெள்ளைச் சுவரும் இருண்ட வளைவுகளும் எச்டிஆருக்கென்றே கட்டியது போல இருக்கும். தொழுகை நேரத்தைத் தவிர்த்து, உடையைக் கவனித்துப் போங்கள்.

வெளியே வந்ததும் லென்ஸ் மங்கிவிடுகிறதே?

குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியதும் புழுக்கம் லென்ஸில் நீராகப் படிகிறது. துடைக்கத் துடைக்க வரும். பைக்குள்ளேயே இருபது நிமிடம் வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பா கட்டாயம், இந்த ஊரில் பூஞ்சை லென்ஸைச் சாப்பிடும்.

எச்டிஆர் என்று போட்ட டிவி வாங்கினேன். அதுவும் இதுவும் ஒன்றா?

பெயர்தான் ஒன்று, வேலை தலைகீழ். நாம் செய்வது பெரிய வித்தியாசத்தைச் சாதாரணத் திரைக்குள் மடிப்பது. எச்டிஆர் டிவி அந்த வித்தியாசத்தை மடிக்காமல் காட்டுவதற்காகத் திரையையே பிரகாசமாக்குவது. புதிய கைப்பேசித் திரைகளும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன.

இப்படி ஒட்டுப்போடுவது ஏமாற்று வேலை இல்லையா?

தாத்தா ஒருவர் எங்களிடம் கேட்டார், படம் என்றால் ஒரே தடவை 'கிளிக்' இல்லையா என்று. 1850களிலேயே குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர், கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் அச்சிட்டிருக்கிறார். அந்தக் கால ரசாயனத்தில் இரண்டும் சேர்ந்து பிடிபடாது. கணினியில் இதற்கான கணக்கை டெபெவெக், மாலிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் எழுதினார்கள். ஆக இந்த ஒட்டு, நம் தாத்தாவைவிட வயதானது. இல்லாத நிலாவைக் கொண்டுவந்து கோபுரத்துக்கு மேலே வைத்தால்தான் ஏமாற்று.

சேர்த்து முடித்த பிறகு பழைய கோப்புகளை அழித்துவிடலாமா? இடம் நிறைய எடுக்கிறது.

தேவையில்லாத தொகுப்புகளை முழுசாக அழியுங்கள். வைத்துக்கொள்ளும் படத்துக்கு மூல ரா கோப்புகளை அழிக்காதீர்கள், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பல வருடத்துக்கு முன்னால் ஒரு மசாலா அரைக்கும் கடையை மூன்று எக்ஸ்போஷரில் எடுத்தேன். அன்றைக்குச் செய்த ஜேபெக் பார்க்கச் சகிக்காது. மஞ்சள்தூள் எரிகிறது, சுவரைச் சுற்றி ஒளிவட்டம், கடைக்காரர் முகம் சாம்பல். கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் காப்பி பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார்கள். போன வருடம் அந்த மூன்று ராவையும் தேடியெடுத்து மறுபடி மெதுவாகச் சேர்த்தேன். உள்ளே அரவை மெஷினுக்குப் பின்னால் ஒரு காலண்டர் மாட்டியிருப்பது இப்போதுதான் தெரிந்தது, தேதி கிழிக்காமல் இரண்டு நாள் பின்தங்கி நிற்கிறது.